தொண்ணூற்றைந்தாவது பிணம்: எடித் பார்ஜெட்டர் எல்லிஸ் பீட்டர்ஸ் ஆன கதை

1138 ஆகஸ்ட். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரி நகரத்துக் கோட்டை வீழ்ந்துவிட்டது. முற்றுகை இழுத்துக்கொண்டே போன ஆத்திரத்தில், உயிரோடு பிடிபட்ட காவல்படையினர் அத்தனை பேரையும் தூக்கில் போடச் சொல்கிறான் ஸ்டீபன் மன்னன். மொத்தம் 94 பேர். அவர்களைக் கழுவித் துடைத்து, அடையாளம் சொல்ல ஆளிருந்தால் சொல்லவிட்டு, முறையாக அடக்கம் செய்ய ஆற்றுக்கு அந்தப்புறமுள்ள மடத்திலிருந்து ஒரு துறவி வருகிறார். வயது ஐம்பத்தெட்டு. இளமையில் சிலுவைப் போருக்குப் போய்வந்தவர் என்பதால் பிணங்களைக் கண்டு கலங்குகிற ஆள் இல்லை. உடல்களை வரிசையாகக் கிடத்தி எண்ணுகிறார். 95 வருகிறது. திரும்ப எண்ணுகிறார். அப்போதும் 95.

தூக்கில் தொங்கியவர்களின் நடுவே, தூக்கில் தொங்காத ஒருவன் கிடக்கிறான். யாரோ பின்னாலிருந்து கழுத்தை இறுக்கிக் கொன்று, இத்தனை பிணத்தில் எவன் எண்ணப்போகிறான் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துறவி நேரே மன்னனிடம் போகிறார். அந்த 94 பேரும் உங்கள் ஆணையால் செத்தவர்கள், அந்தக் கணக்கு உங்களுடையது. இந்த ஒருவனின் கணக்கு யாருடையது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த முற்றுகை நிஜமாக நடந்தது. தூக்குத் தண்டனையும் நிஜம். ஷ்ரூஸ்பரிப் பக்கத்தில் பிறந்து நார்மண்டியில் துறவியாக இருந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற வரலாற்றாசிரியர், ஆர்னல்ஃப் என்ற பிரபுவோடு இன்னும் 93 பேர் தூக்கிலிடப்பட்டதை அதே காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, 94 வரை வரலாறு. 95-வது மட்டும் ஒரு நாவலாசிரியை கொண்டுவந்து வைத்தது. எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் வந்த 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' நாவலின் தொடக்கம் இது. வரலாற்றைக் கலைக்காமல், அதன் கணக்கில் ஒன்றே ஒன்றைக் கூட்டிவிடுவது. இந்த ஒரு கூட்டலைக் கற்றுக்கொள்ள எடித் பார்ஜெட்டருக்கு நாற்பது வருடம் ஆனது.

எடித் பார்ஜெட்டர்தான் அவருடைய சொந்தப் பெயர். 1913 செப்டம்பர் 28-ஆம் தேதி ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஹார்ஸ்ஹே என்ற சிற்றூரில் பிறந்தார். நிலக்கரியும் இரும்பும் விளைந்த பகுதி அது. கோக் கரியை வைத்து இரும்பை உருக்கும் முறை 1709-இல் தொடங்கிய கோல்புரூக்டேல் கூப்பிடு தூரம்தான். அப்பா இரும்பு ஆலையில் எழுத்தர். பாட்டி வழியில் வெல்ஷ் ரத்தம். கோல்புரூக்டேல் பெண்கள் பள்ளியில் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் பக்கம் போகவில்லை; 1933-இல் டாலி என்ற பக்கத்து ஊரில் மருந்துக் கடை ஒன்றில் கம்பவுண்டர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஏழு வருடம் அந்த வேலை. எந்தத் தைலத்தை எவ்வளவு தடவினால் வலி போகும், அதே தைலம் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பது அங்கே கைப்பழக்கமாக வந்தது. (அகதா கிறிஸ்டியும் முதல் உலகப் போரில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர்தான். ஆங்கிலத் துப்பறியும் கதைக்கும் மருந்துக் கடைக்கும் ஏதோ பழைய உறவு இருக்கிறது.)

அந்த மருந்துக் கடைக் காலத்திலேயே எழுத்தும் தொடங்கிவிட்டது. தொடங்கியபோதே இரண்டு கிளை. 1936-இல், இருபத்து மூன்று வயதில், சொந்தப் பெயரில் முதல் நாவல் 'ஹார்டென்சியஸ், ஃபிரெண்ட் ஆஃப் நீரோ'. ரோமாபுரிக் கதை. யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு பக்கம் ஜோலியன் கார், ஜான் ரெட்ஃபெர்ன், பீட்டர் பெனடிக்ட் என்று ஆண் பெயர்களைப் போட்டுக்கொண்டு விறுவிறுப்பான கதைகள். 1938-இல் ஜோலியன் கார் எழுதியதாக வந்த ஒன்றின் தலைப்பே 'மர்டர் இன் தி டிஸ்பென்சரி', மருந்தகத்தில் கொலை. பகலில் எந்தக் கவுன்டருக்குப் பின்னால் நின்றாரோ, அதையே இரவில் கொலைக்களமாக்கியிருக்கிறார்.

ஆக, கனமான விஷயத்துக்குச் சொந்தப் பெயர், கொலைக்குப் புனைபெயர். இந்தப் பாகப்பிரிவினை அவர் வாழ்க்கையில் வெகுகாலம் நீடித்தது.

போர் வந்தது. 1940-இல் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து டெலிபிரின்டர் என்ற செய்தி அச்சிடும் இயந்திரத்தை இயக்கினார். லிவர்பூலில், அட்லாண்டிக் கப்பல் வரிசைகளைக் காக்கும் தலைமையகத்தில் வேலை. 1944-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 'ஷீ கோஸ் டு வார்' என்ற நாவலும், ஒரு சாதாரணச் சிப்பாயைப் பின்தொடரும் மூன்று பாகப் போர் நாவலும் வந்தன. இன்றைக்கு அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

1947-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது அவரைத் திருப்பிப் போட்டது. அங்கே நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்களோடு பேச வேண்டுமே என்று செக் மொழியைத் தாமாகவே கற்றார். கற்றதோடு நிற்கவில்லை. யான் நெருடாவின் பிராகா நகரத்துக் கதைகள், தெரெசின் வதை முகாமில் கைதிகள் இசைத்த இரங்கற்பாவைப் பற்றி ஜோசஃப் போர் எழுதிய நூல், பொஹுமில் ஹ்ரபாலின் ரயில்நிலையக் குறுநாவல் என்று வரிசையாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஹ்ரபால் மொழிபெயர்ப்பு வெளிவந்த 1968-இல்தான் சோவியத் டாங்குகள் பிராகாவுக்குள் நுழைந்தன. மொழிபெயர்ப்புப் பணிக்காகச் செக் நாட்டின் தங்கப் பதக்கமும் அதே ஆண்டில் கிடைத்தது. பல்கலைக்கழகம் போகாத ஒரு கம்பவுண்டர், ஓர் இலக்கியத்தையே இன்னொரு மொழிக்குக் கடத்தியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டை விழுங்கும்போது அங்கே வாழ்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை வேல்ஸை வைத்துப் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பக்கம் எழுதினாரே, அந்த வலியைச் சமகாலத்தில் அவர் கண்டது செக் நண்பர்களிடம்தான்.

எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரிலும் அந்த நாட்டின் பங்கு உண்டு. எல்லிஸ், அவருடைய அண்ணன் பெயர். எடித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். பீட்டர்ஸ் வந்தது செக் தோழி ஒருவரின் மகள் பெட்ராவின் பெயரிலிருந்து. 1959-இல் வந்த 'டெத் மாஸ்க்' இந்தப் பெயரைத் தாங்கிய முதல் புத்தகம்.

அதற்கு முன்பே, 1951-இல், சொந்தப் பெயரில் 'ஃபாலன் இன்டு த பிட்' என்ற துப்பறியும் நாவல் வந்திருந்தது. போர் முடிந்த பிறகும் ஊரில் தங்கிவிட்ட முன்னாள் ஜெர்மன் கைதி ஒருவன் ஓடைக்குள் செத்துக் கிடக்கிறான். பார்ப்பது போலீஸ்காரரின் மகன் டொமினிக், சிறுவன். அந்தப் போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபெல்ஸ். அவர், அவர் மனைவி பன்ட்டி, மகன் என்று ஒரு குடும்பமே துப்பறிகிற வரிசை இது. 1978 வரை 13 நாவல்கள். இதில் இரண்டாவதான 'டெத் அண்ட் த ஜாய்ஃபுல் உமன்' 1963-இல் துப்பறியும் எழுத்துக்கான அமெரிக்காவின் எட்கர் விருதை வாங்கியது. அப்படியும் பெயர் பெரிதாகப் பரவவில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற எழுத்தாளராகவே இருந்தார்.

ஃபெல்ஸ் வரிசையில் நம் பக்கத்துக்கு வருகிற கதை ஒன்றும் இருக்கிறது. வளர்ந்து வாலிபனான டொமினிக் இந்தியாவில் சுற்றுகிறான். 'மோர்னிங் ராகா' டெல்லியில் நடப்பது. 1972-இல் வந்த 'டெத் டு த லேண்ட்லார்ட்ஸ்' தேக்கடியில் தொடங்குகிறது. பெரியாறு ஏரியில் ஒரு படகு வெடித்துச் சிதறுகிறது, பெரிய நிலச்சுவான்தார் ஒருவர் சாகிறார், பழி நக்சலைட்டுகள் மேல் விழுகிறது, கதை கன்னியாகுமரி வரை இறங்கிவருகிறது. நக்சல்பாரி நடந்து ஐந்தே வருடம். ஒரு ஷ்ராப்ஷயர்க்காரி அதைத் தென்னிந்தியாவில் வைத்து எழுதியது ஆச்சரியம்தான். துப்பறியும் கதையாக அது சுமார். ஆனால் நிலம் யாருடையது, அதை வைத்திருப்பவனின் கடமை என்ன என்ற கேள்வி, மலைப்பகுதி விருந்தினர் விடுதி அரட்டையிலிருந்து மெல்ல எழுந்து கதையைப் பிடித்துக்கொள்கிறது. அதே கேள்விதான் பிறகு 12-ஆம் நூற்றாண்டு உடையில் திரும்ப வந்தது.

சொந்தப் பெயரில் வந்த வரலாற்று நாவல்கள் இன்னொரு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 1960-களின் தொடக்கத்தில் 'தி ஹெவன் ட்ரீ' முத்தொகுதி. எல்லைப்புறப் பிரபு ஒருவனுக்காகத் தேவாலயம் கட்டும் கல்தச்சனின் கதை. 1972-இல் 'எ பிளடி ஃபீல்ட் பை ஷ்ரூஸ்பரி'. 1974-இலிருந்து 1977-க்குள் நான்கு பாகமாக 'தி பிரதர்ஸ் ஆஃப் குவினெத்', வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசன் லெவெலினைப் பற்றியது. லெவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டான். அவன் தம்பி டாஃபித்தை அடுத்த ஆண்டே பிடித்து, இழுத்துச் சென்று, தூக்கிலிட்டு, நான்காகக் கூறுபோட்டார்கள். அது நடந்த இடமும் ஷ்ரூஸ்பரிதான்.

1138-இல் முற்றுகை. 1283-இல் அந்தக் கொடூரத் தண்டனை. 1403-இல் நகருக்கு வெளியே, நான்காம் ஹென்றி மன்னனுக்கும் கலகம் செய்த ஹாட்ஸ்பர் என்ற பிரபுவுக்கும் நடந்த போர். இந்த மூன்றைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பிரிட்டனின் வரலாறு முழுக்கக் கிடந்தும், தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற வரலாறே அவருக்குப் போதுமானதாக இருந்தது. செவர்ன் ஆறு ஷ்ரூஸ்பரியை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. திறந்திருக்கும் கழுத்துப் பகுதியில் கோட்டை. மேற்கே பாலத்தைத் தாண்டினால் வேல்ஸுக்குப் போகிற பாதை, கிழக்கே பாலத்தைத் தாண்டினால் மடம். இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய பாதி நாவல்களுக்கு வழி தெரிந்துவிடும்.

அந்த மடம், புனித பேதுரு பவுல் பெயரால் 1083-இல் ரோஜர் டி மான்ட்கமரி நிறுவிய பெனடிக்ட் சபை மடம். 1540-இல் எட்டாம் ஹென்றி மூடினார். அதன் தேவாலயம் மட்டும் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. துறவிகள் புழங்கிய மற்ற கட்டடங்களில் மிஞ்சியிருந்தவற்றின் நடுவே 1836-இல் நெடுஞ்சாலை போட்டார்கள். சாப்பாட்டு வேளையில் ஒருவர் வேதம் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்பார்களே, அந்த வாசிப்பு மேடை மட்டும் சாலைக்கு அந்தப்புறம் கல் கூண்டு மாதிரி தனியாக நிற்கிறது.

இந்த மடத்தின் பழைய வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பார்ஜெட்டர் கண்ணில் பட்டது ஒரு வேடிக்கையான சம்பவம். 1137 வாக்கில் மடத்துத் துறவிகளுக்கு ஒரு குறை. நம் மடத்தில் பேர் சொல்லும்படி ஒரு புனிதரின் திருப்பண்டம் இல்லையே, யாத்திரிகர் கூட்டம் எப்படி வரும்? துணைமடாதிபதி ராபர்ட் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வேல்ஸில் குவிதெரின் என்ற குக்கிராமத்துக்குப் போய், அங்கே புதைக்கப்பட்டிருந்த புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஷ்ரூஸ்பரிக்குக் கொண்டுவந்துவிட்டார். எப்படிக் கொண்டுவந்தோம் என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார். ஒரு கல்லறை, வெளியூர்க் கூட்டம், உள்ளூர் எதிர்ப்பு, மூடிய பெட்டி ஒன்று. கொலைக்கதை எழுதுகிறவர் இதைப் பார்த்தால் சும்மா விடுவாரா? ஒரு சடலத்தை மறைக்க இதைவிட நல்ல இடம் எது?

1977-இல் 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்' வந்தது. பார்ஜெட்டருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. இரண்டு தடமும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தன: சொந்தப் பெயரின் வரலாறும் புனைபெயரின் கொலையும். அட்டையில் போட்டது புனைபெயர்.

துப்பறிகிறவர் சகோதரர் கட்வைல்; தொடக்கத்தில் பிணங்களை எண்ணிய அந்தத் துறவிதான். வெல்ஷ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ' உச்சரிப்பு. அது தெரியாமல் உலகம் முழுக்க 'காட்ஃபெல்', 'காட்ஃபைல்' என்று கூப்பிடுகிறார்கள். பாவம், தொலைக்காட்சியிலும் அப்படித்தான். வேல்ஸில் பிறந்து, முதல் சிலுவைப் போரில் சண்டையிட்டு, கப்பலோட்டி, பல பெண்களை அறிந்து, நாற்பது வயதில் போதும் என்று மடத்துக்குள் வந்தவர். அங்கே அவர் பொறுப்பு மூலிகைத் தோட்டமும் மருந்து காய்ச்சும் குடிசையும். டாலி மருந்துக் கடையில் எடித் நின்ற அதே இடத்தில்தான் கட்வைல் நிற்கிறார், எண்ணூறு வருடம் முன்னால். தூங்காதவர்களுக்குக் கசகசாச் செடிப் பாகு, இருமலுக்குக் கஷாயம், மூட்டுவலிக்குத் தைலம். நடுவில் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சில்தான் துப்பு.

இனி கதை முடிவுகளைச் சொல்லாமல் மேலே பேச முடியாது. படிக்க நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதல் நாவலில், புனிதரைக் கொண்டுபோகக் கூடாது என்று எதிர்த்த உள்ளூர் நிலவுடைமையாளர் ரிஷியார்ட் கொலையாகிறார். கொலைகாரன் துறவிக் குழுவிலேயே இருக்கிற, பரவசக் கண்களோடு திரிகிற இளைஞன் கொலம்பானஸ். அவனும் ஒரு தள்ளுமுள்ளில் செத்துவிடுகிறான். இப்போது கட்வைல் என்ன செய்கிறார்? வினிஃப்ரெட்டின் எலும்புகளை அவள் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொலைகாரனின் உடலைப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டுவிடுகிறார். அவனுடைய உடைகளைத் தேவாலயத் தரையில் பரப்பிப் பூக்களைத் தூவிவிட, அவன் உடலோடு விண்ணுக்கு எடுக்கப்பட்டான் என்று துணைமடாதிபதி ராபர்ட் நெகிழ்ந்துபோகிறார். பெட்டி ஷ்ரூஸ்பரிக்குப் பயணமாகிறது. பீடத்தில் ஏறுகிறது. கும்பிடு விழுகிறது.

வெறும் கேலியோடு விட்டிருந்தால் இது ஒரு குறும்புக் கதை. பார்ஜெட்டர் பக்தர்; அதோடு அவர் விடவில்லை. பல புத்தகம் தள்ளி, 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்' நாவலில், ஊன்றுகோலோடு வந்த ரூன் என்ற பையன் அந்தப் பீடத்துப் படியேறி நேராக நடக்கிறான். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்த கட்வைலுக்கு மட்டும் உடம்பு சிலிர்க்கிறது. எலும்பு இல்லாத இடத்துக்கும் அவள் வருவாளா? வருவாள் என்றே அவர் முடிவுசெய்கிறார். 'தி ஹோலி தீஃப்' நாவலிலோ அந்தப் பெட்டியையே ஒருவன் திருடிக்கொண்டு போகிறான். எங்கே யாராவது திறந்துவிடுவார்களோ என்று கட்வைல் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, வரிசையிலேயே சிரித்துப் படித்த இடம் அது. முதல் புத்தகத்தில் வைத்த ஒரு பெட்டியை வைத்துப் பதினைந்து வருடம் விளையாடியிருக்கிறார்.

முதல் நாவல் ஒன்றோடு நிறுத்துவதாகத்தான் அவருக்கு எண்ணம். 1138 முற்றுகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் 1979-இல் இரண்டாவதை எழுதினார். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. 1980-இல் வந்த மூன்றாவது, 'மங்க்ஸ்-ஹூட்', பிரிட்டிஷ் குற்ற எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் கத்தி விருதை வாங்கியது. அவர் என்ன செய்கிறார் என்பதை முழுதாகப் பார்க்க ஒரே புத்தகம் போதுமென்றால் நான் கையில் எடுப்பது இதைத்தான்.

மங்க்ஸ்-ஹூட் ஒரு செடி. நம் சித்த வைத்தியர்கள் வச்சநாபி என்று சொல்லும் கிழங்கின் இனம். கட்வைல் அதன் வேரை எண்ணெயில் இட்டு மூட்டுவலித் தைலம் செய்கிறார். தேய்த்தால் வலி போகும், விழுங்கினால் ஆள் போய்விடுவான். பானல் என்ற பெரியவர் தன் நிலத்தை மடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சாகும்வரை வீடும் சாப்பாடும் பெற்றுக்கொள்ள வருகிறார். அந்தக் காலத்து ஓய்வூதியம் என்று வைத்துக்கொள்ளலாம். துணைமடாதிபதியின் சமையற்கட்டிலிருந்து மரியாதைக்காக அனுப்பிய கவுதாரிக் கறியைச் சாப்பிட்டதும் பானலின் உதடும் நாக்கும் மரத்துப்போகின்றன. கட்வைல் ஓடிவருகிறார். குனிந்து முகர்ந்தால், தன் கையால் காய்ச்சிய தைலத்தின் வாசனை. இறந்தவரின் மனைவி ரிச்சில்டிஸோ, நாற்பது வருடத்துக்கு முன் கட்வைல் கட்டிக்கொள்வதாக வாக்களித்துவிட்டுப் போன பெண். சந்தேகம் அவளுடைய பதினான்கு வயது மகன்மேல்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்றால், நிலத்தில். பானலுக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் ஒருவன் உண்டு, மியூரிக். ஆங்கிலேயச் சட்டத்தில் அவனுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. ஆனால் பானலின் நிலம் எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வெல்ஷ் சட்டப்படி, அப்பன் ஒப்புக்கொண்ட மகன் எந்த வயிற்றில் பிறந்தாலும் மகன்தான், பங்கு உண்டு. மடத்தோடு பத்திரம் முத்திரையாகிவிட்டால் எல்லாம் போயிற்று. அதற்குள் அப்பன் சாக வேண்டும். கொலைக்கான காரணத்தைக் கட்வைல் கண்டுபிடிப்பது காலடித்தடத்திலோ கறைபடிந்த துணியிலோ இல்லை. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்து வாரிசுச் சட்டமும் அவருக்குத் தெரியும் என்பதில். செக் மொழி கற்ற, வெல்ஷ் பாட்டியின் பேத்திக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும் என்று எனக்குப் படுகிறது.

முடிவு இன்னும் விசேஷம். வெல்ஷ் ஊர் நீதிமன்றத்தில் அம்பலமான மியூரிக் தப்பி ஓடி, அன்றிரவு கட்வைலைத் தேடிவருகிறான். கையில் கத்தி. அவனால் குத்த முடியவில்லை. தண்டனை கொடுங்கள் என்கிறான். கட்வைல் கொடுக்கும் தண்டனை, வாழ வேண்டும் என்பது. குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய், அந்தப் பையன்மேல் பழி இல்லை என்று எழுத்தில் அனுப்பு, பிறகு எங்காவது போய் நெடுநாள் வாழ்ந்து, செய்ததற்கு ஈடாக நல்லது செய்துகொண்டே இரு. சாவைவிட அதுதான் கடினம். மியூரிக் இருட்டில் போய்விடுகிறான். ஷெரீஃபின் துணை அதிகாரியும் கட்வைலின் நண்பனுமான ஹியூ பெரிங்கருக்குக் கடிதம் போகிறது, ஆள் போகவில்லை.

கொலைகாரனைக் கூட்டத்தின் நடுவே விரல் நீட்டிக் காட்டி, காவலரிடம் ஒப்படைப்பது வழக்கமான துப்பறியும் கதை. கட்வைல் அப்படிச் செய்வதும் உண்டு, செய்யாமல் விடுவதும் உண்டு. யார் செய்தது என்பதோடு, இனி இவனை என்ன செய்வது என்பதும் அவருக்குக் கேள்வி. அதற்கு அந்தக் காலம் வசதியாக அமைந்துவிட்டது. முதலாம் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் 1120-இல் வெள்ளைக் கப்பல் விபத்தில் மூழ்கிப்போக, 1135-இல் ஹென்றி இறந்ததும் மகள் மாட் என்பவளுக்கும் சகோதரி மகன் ஸ்டீபனுக்கும் இடையே நாடே இரண்டாகக் கிழிந்தது. நேற்று ராஜவிசுவாசி, இன்று துரோகி. காணாமல் போனவன் செத்தானா, கட்சி மாறினானா என்றே தெரியாது. அரச நீதி ஊருக்கு ஊர் வேறு. அப்படிப்பட்ட நாட்டில் நியாயம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

20 நாவல்களும் மூன்று கதைகள் கொண்ட ஒரு தொகுப்பும். நாவல்களுக்குள் நகர்வது 1137-இலிருந்து 1145 வரை எட்டே வருடம்; எழுதியதோ பதினேழு வருடம். பருவம் தவறாமல் ஓடும்: புல்லறுப்பு, சந்தை, பனி, வெள்ளம். 1141 பிப்ரவரியில் லிங்கன் நகரில் ஸ்டீபன் சிறைப்பட்டதும், இலையுதிர்காலத்தில் அவனுக்கு ஈடாகக் கைதியை மாற்றிக்கொண்டதும் எல்லாம் தேதி பிசகாமல் பின்னணியில் நடக்கும். மடாதிபதிகள் ஹெரிபர்ட், ரடுல்ஃபஸ், துணைமடாதிபதி ராபர்ட் ஆகியோர் நிஜ மனிதர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு நாவலிலும் ஒரு காதல் ஜோடி உண்டு; இருவரும் அழகு, இருவரும் நேர்மை, இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். பத்துப் புத்தகம் படித்தவர்கள், சந்தேகத்துக்குள்ளான இளைஞனுக்கு ஒரு பெண் சோறு கொண்டுபோன உடனே அவன் நிரபராதி என்று முடிவுகட்டிவிடலாம். கட்வைல் சில இடங்களில் 12-ஆம் நூற்றாண்டுத் துறவியைவிட 20-ஆம் நூற்றாண்டு நல்லாசிரியர் மாதிரி பேசுகிறார். நடை மெதுவானது. அவசரத்துக்குப் படிக்கிற ஆளுக்குச் சரிப்படாது.

துறவி துப்பறிகிற கதை என்றதும் உம்பர்ட்டோ எக்கோவின் நினைவு வருகிறவர்கள் உண்டு. அவருடைய மடாலயக் கொலை நாவல் இத்தாலியனில் வந்தது 1980-இல், கட்வைலுக்கு மூன்று வருடம் கழித்து. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பழங்காலத் துப்பறியும் கதை என்பது ஒரு தனி வகையாகப் புத்தகக் கடை அலமாரியில் இடம்பிடித்ததில் கட்வைலின் பங்கு பெரியது. 1999-இல் குற்ற எழுத்தாளர் சங்கம் அந்த வகைக்கென்று தனி விருது ஏற்படுத்தியபோது அதற்கு எல்லிஸ் பீட்டர்ஸ் பெயரைத்தான் வைத்தது. எடித் பார்ஜெட்டர் பெயரை அல்ல.

பெருமைகள் கடைசி வருடங்களில் அடுக்கடுக்காக வந்தன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. 1993-இல் குற்ற எழுத்தாளர் சங்கத்தின் வாழ்நாள் சாதனைக்கான வைரக் கத்தி விருது, 1994-இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுக் கௌரவம். அதே ஆண்டு ஐடிவி தொலைக்காட்சியில் நடிகர் டெரெக் ஜாகோபி கட்வைலாக வந்தார். 1998 வரை 13 அத்தியாயம். படப்பிடிப்பு ஷ்ரூஸ்பரியில் நடக்கவில்லை. நெடுஞ்சாலை ஓடுகிற மடத்தில் எப்படி எடுப்பது? ஹங்கேரியில் புடாபெஸ்ட் பக்கம் மரத்தாலும் சாந்தாலும் ஒரு ஷ்ரூஸ்பரியைக் கட்டி எடுத்தார்கள். நிஜ ஷ்ரூஸ்பரிக்கோ, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்வைல் நடந்த தெருவைத் தேடுகிற சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். யாத்திரிகர் வேண்டும் என்று துணைமடாதிபதி ராபர்ட் ஆசைப்பட்டது எண்ணூற்றைம்பது வருடம் கழித்து வேறு வகையில் நிறைவேறியது.

வரிசையின் கடைசி நாவல் 'பிரதர் கட்வைல்ஸ் பெனன்ஸ்', 1994. அந்தியோக்கியாவில் தான் விட்டுவந்த மரியம் என்ற பெண்ணுக்குப் பிறந்த மகன் ஒலிவியே, இத்தனை வருடமாகத் தன் மகன் என்று உரக்கச் சொல்லாத மகன், போரில் சிறைப்பட்டுவிட்டான். கொடுத்த அனுமதியின் எல்லையைத் தாண்டி, மடத்துக்குத் திரும்ப இடமில்லாமல் போகலாம் என்று தெரிந்தே, கட்வைல் அவனைத் தேடிப் போகிறார். மீட்டும்விடுகிறார். பிறகு குளிரில் ஷ்ரூஸ்பரிக்கு வந்து, அதிகாலை இருட்டில் தேவாலயத்தின் கல் தரையில் கைகளை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்கிறார். மடாதிபதி ரடுல்ஃபஸ் வந்து அவரை எழச் சொல்கிறார்.

1995 அக்டோபர் 14-ஆம் தேதி மேட்லியில் எடித் பார்ஜெட்டர் இறந்தார். வயது எண்பத்திரண்டு. பிறந்த ஹார்ஸ்ஹே அங்கிருந்து சில மைல்தான்.